பிரித்து எண்ணிய பெருமேதை இராமானுஜன்

தாயகத்திலே உயர்தர வகுப்பில் தூய கணிதம் பயின்ற பெற்றோர் பலருக்கு வரிசைமாற்றமும் சேர்மானமும் என்னும் அத்தியாயம் இன்றும் நினைவில் இருக்கும். பத்துப் பேரிலிருந்து மூவரைக் கொண்ட குழுவொன்றை எத்தனை வகையில் தெரியலாம், ஒரு சொல்லின் எழுத்துக்களை எத்தனை வகையில் மாற்றி அடுக்கலாம் என்பன போன்ற வினாக்கள் அதில் வரும். அட்சரகணிதமும் கேத்திரகணிதமும் நுண்கணிதமும் ஒரே வீட்டின் அறைகள் போலத் தொடர்புற்று நிற்க, இவ்வத்தியாயம் மட்டும் முற்றத்துக்கு அப்பால் தனித்து நிற்கும் கொட்டில் போலத் தோன்றும். பரீட்சைக்கு இதை விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்ட மாணவரை நாம் ஆசிரியப்பணியில் இருந்த காலத்தில் நிறையவே கண்டிருக்கின்றோம். இங்கு ஒன்ராறியோவில் பன்னிரண்டாம் வகுப்பின் தரவு முகாமைத்துவப் பாடத்தில் எண்ணும் முறைகளைக் கற்கும் நம் பிள்ளைகளும் அவ்வாறே எண்ணுவதுண்டு.

எண்ணும் முறைகளை ஆராயும் இத்துறையைச் சேர்மானவியல் என்பர். இது தனிக் கொட்டிலன்று. வீட்டின் எல்லா அறைகளுக்கும் வாசல் வைத்த நடுக்கூடமே என்பதை ஒருவருடைய வாழ்க்கையே நமக்குக் காட்டித் தருகின்றது. அவர் முப்பத்திரண்டு ஆண்டுகள் மட்டுமே வாழ்ந்த தமிழகத்துக் கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

கும்பகோணத்துச் சிறுவன்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆந் திகதி ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்துத் துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதி வந்தவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல் பாடுபவர். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் இருந்த சிறிய வீட்டில் வறுமையோடு வளர்ந்த பிள்ளை, கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் படித்துக் கணிதத்தில் எல்லோரையும் வியக்க வைத்தது.

1903ஆம் ஆண்டளவில் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்குக் கிடைத்தது. அதில் ஆயிரக்கணக்கான தேற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. நிறுவல்களோ மிகக் குறைவு. வேறொரு மாணவன் அதைப் பரீட்சைக்கான சூத்திரத் தொகுப்பாக மட்டும் பயன்படுத்தியிருப்பான். இராமானுஜன் ஒவ்வொன்றையும் தாமே மீண்டும் கண்டறிய முற்பட்டார். கற்பலகையில் கணித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதி, பலகையை அழித்துவிடுவது அவரது வழக்கமாயிற்று. காகிதம் வாங்கப் பணமில்லாத நிலையும் இதற்கு ஒரு காரணமாகும்.

1904இல் பள்ளிப் படிப்பைப் பரிசோடு முடித்துப் புலமைப்பரிசில் பெற்றுக் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தார். ஆயினும் கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களில் மனம் செல்லவில்லை. தேர்வில் தவறினார், புலமைப்பரிசிலும் போயிற்று. பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்து எழுதிய பரீட்சைகளிலும் இருமுறை தோல்வியடைந்தார். பட்டமில்லை, தொழிலில்லை. 1909இல் ஜானகி அம்மாளைத் திருமணம் செய்து வைத்தனர். குறிப்பேடுகளைக் கையிடுக்கிக்கொண்டு வேலை தேடி அலைந்த இளைஞர் அவர்.

இவ்விடத்தில் சிலரை நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும். இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் நிறுவிய இராமசாமி ஐயர் ஒரு துணை ஆட்சியர். நெல்லூர் ஆட்சியராக இருந்தவர் இராமச்சந்திர ராவ். சென்னைத் துறைமுக அலுவலகத்தின் தலைமைக் கணக்காளர் நாராயண ஐயர். இவர்கள் தேர்ச்சிப் பத்திரத்தைப் பாராமல் குறிப்பேட்டைப் பார்த்தார்கள். 1912ஆம் ஆண்டு மார்ச் மாதம் இராமானுஜன் மாதம் முப்பது ரூபாச் சம்பளத்தில் துறைமுக எழுதுவினைஞரானார். அன்று அந்தக் குறிப்பேட்டை எவரும் விரித்துப் பார்க்காதிருந்தால் இன்று நாம் எழுத எதுவும் இருந்திராது.

கடல் கடந்த கடிதம்

1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆந் திகதி இராமானுஜன் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஹார்டி என்னும் கணித அறிஞருக்குத் தம் முடிவுகள் பலவற்றை எழுதி அனுப்பினார். அதற்கு முன் வேறு அறிஞர் இருவருக்கு அனுப்பியும் பயன் கிட்டவில்லை. ஹார்டியும் அவருடைய நண்பர் லிற்றில்வூட்டும் அன்றிரவே அதனை ஆராய்ந்தனர். சில முடிவுகள் ஏற்கெனவே அறியப்பட்டவை. சில, குறிப்பாக முதன்மை எண்கள் பற்றியவை, பிழையானவை. வேறு சிலவோ அவர்கள் எங்கும் கண்டிராதவை. எழுதியவர் உண்மையான மேதை என்று ஹார்டி முடிவுசெய்தார். 1914 மார்ச் 17இல் கப்பலேறிய இராமானுஜன் ஏப்பிரல் மாத நடுவில் இங்கிலாந்தை அடைந்தார். சில மாதங்களில் முதலாம் உலகப் போர் மூண்டது.

கேம்பிரிட்ஜில் அவர் கற்ற பெரும் பாடம் நிறுவல் என்பதாகும். உள்ளத்தில் தோன்றிய உண்மையைப் பிறரும் ஐயமின்றி ஏற்கும்படி படிப்படியாக நிலைநாட்டும் ஒழுங்கு அது. உள்ளொளியை அணைக்காமல் அவ்வொழுங்கைப் புகட்டுவது ஹார்டிக்கும் எளிதாக இருக்கவில்லை. ஒருவரிடம் கற்பனையும் மற்றவரிடம் கட்டுப்பாடும் மிகுந்திருந்தன; இரண்டும் சேர்ந்தபோது விளைந்த பெரும் பயன்களுள் ஒன்றே பின்வருவது.

நாலை எத்தனை விதமாகப் பிரிக்கலாம்?

நாலு என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். அதை 4 என்றே விடலாம். 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்றும் பிரிக்கலாம். ஆக ஐந்து வகை. ஐந்தைப் பிரித்தால் 7 வகை. பத்தைப் பிரித்தால் 42 வகை. முதலாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் வினா இது. ஆனால் நூறை எடுத்தால் வகைகள் 190,569,292 ஆகிவிடுகின்றன. எழுதிப் பார்த்து எண்ணுவது மனிதரால் இயலாது.

பதினெட்டாம் நூற்றாண்டிலே ஒயிலர் என்னும் சுவிஸ் நாட்டு அறிஞர் இதற்கு முதல் வாசலைத் திறந்தார். ஒரே எண்ணின் வலுக்களைப் பெருக்கும்போது சுட்டிகள் கூடும் என்பதை நம் மாணவர் அறிவர். இரண்டாம் வலுவையும் மூன்றாம் வலுவையும் பெருக்கினால் ஐந்தாம் வலு வரும். அதாவது 2+3 என்னும் பிரிப்பு ஒரு பெருக்கலுக்குள் மறைந்திருக்கின்றது. இவ்வுண்மையைக் கொண்டு, எல்லாப் பிரிப்புகளையும் தன்னுள் அடக்கிய முடிவிலிப் பெருக்கம் ஒன்றை ஒயிலர் அமைத்தார். எண்ணும் வினா இவ்வாறு அட்சரகணிதமாயிற்று.

அடுத்த வாசலைத் திறந்தவர்கள் இராமானுஜனும் ஹார்டியும். அப்பெருக்கத்தில் உள்ள மாறியை அவர்கள் ஒரு சிக்கலெண்ணாகக் கொண்டனர். ஆரை ஒன்றாகிய வட்டத்துக்குள் அது நல்ல சார்பாக நடந்துகொள்கின்றது. வட்டத்தின் விளிம்பை நெருங்கும்போது கட்டுக்கடங்காமற் பெருகுகின்றது. அவ்வாறு மிகுதியாகப் பெருகும் இடங்கள் எவை, ஒவ்வொன்றின் பங்கும் எவ்வளவு என அளந்து கூட்டினால், பிரிப்புகளின் தொகை கிடைக்கும் என்று கண்டனர். வட்ட முறை என்று பெயர் பெற்ற இவ்வழியை 1918இல் இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் விரிவாக எழுதினர். அவர்கள் தந்த சூத்திரத்தில் வட்டத்துக்குரிய பை என்னும் எண்ணும், வர்க்கமூலங்களும், இயற்கை மடக்கைக்கு அடியான 2.718 எனத் தொடங்கும் எண்ணும் வருகின்றன. முழு எண்களைப் பிரிக்கும் விளையாட்டிலே வட்டத்துக்கு என்ன வேலை என்று எவரும் வியப்பர். சேர்மானவியலும் நுண்கணிதமும் உறவினர் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

அச்சூத்திரத்தைச் சோதித்த கதை சுவையானது. பீரங்கிப் படை அதிகாரியாக இந்தியாவிற் பணிபுரிந்து பின்னர் சேர்மானவியல் அறிஞராகிய மேஜர் மக்மாகன், இருநூறு வரையான எண்களின் பிரிப்புத் தொகைகளைக் கையாலேயே கணித்து அட்டவணை செய்திருந்தார். இருநூறுக்கு அவர் பெற்ற விடை 3,972,999,029,388. சூத்திரத்தின் முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது இதே எண்ணும் அதன்மேல் 0.004 என்னும் அற்ப மிச்சமும் கிடைத்தன. 1937இல் இறாடமாக்கர் என்பவர் இச்சூத்திரத்தைத் திருத்தி, மிச்சமே இல்லாத முழுச் சூத்திரமாக்கினார்.

அட்டவணை சொன்ன இரகசியம்

மக்மாகனின் அட்டவணை சூத்திரத்தைச் சரிபார்க்க மட்டுமே மற்றவர்களுக்குப் பயன்பட்டது. இராமானுஜன் அதில் வேறொன்றைக் கண்டார். 4, 9, 14, 19, 24 ஆகிய எண்களின் பிரிப்புத் தொகைகள் முறையே 5, 30, 135, 490, 1575. எல்லாம் ஐந்தால் வகுபடும். 5, 12, 19 ஆகியவற்றின் தொகைகள் 7, 77, 490. இவை ஏழால் வகுபடும். 6, 17, 28 ஆகியவற்றின் தொகைகள் 11, 297, 3718. இவை பதினொன்றால் வகுபடும். இவ்வொழுங்கு என்றும் முறியாது என்பதை அவர் 1919இல் வெளிவந்த கட்டுரையிலும் அதனைத் தொடர்ந்த ஆய்விலும் காட்டினார். கூட்டலிலே பிறந்த தொகைகள் ஏன் வகுத்தலின் விதிகளுக்கு அடங்கவேண்டும்? இவ்வினா எண் கோட்பாட்டுக்கு வாசலாயிற்று.

இன்னொரு முடிவையும் கூறுவோம். ஆறைப் பிரிக்கும்போது, எந்த இரு பகுதிகளுக்கும் இடையே குறைந்தது இரண்டு வித்தியாசம் இருக்கவேண்டும் என்று விதித்தால் 6, 5+1, 4+2 என மூன்று வகை வரும். அவ்விதியை விட்டு, ஐந்தால் வகுக்கும்போது 1 அல்லது 4 மிஞ்சும் பகுதிகளை மட்டும் கொள்ளலாம் என்றால் 6, 4+1+1, 1+1+1+1+1+1 என மீண்டும் மூன்றே வகை. எல்லா எண்களுக்கும் இவ்விரண்டும் சமமாகவே வரும். இதற்கு அடிப்படையான சமன்பாட்டை இராமானுஜன் இந்தியாவிலேயே கண்டிருந்தார். றோஜர்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1894இலேயே அதனை நிறுவியிருந்தமை பின்னரே தெரியவந்தது. 1980இல் அவுஸ்திரேலியப் பௌதிகவியலாளர் றொட்னி பக்ஸ்ரர், அறுகோணக் கட்டமைப்பில் ஒன்றையொன்று நெருங்கவியலாத துணிக்கைகளின் நடத்தையைக் கணித்தபோது இதே சமன்பாடுகள் எதிர்ப்பட்டன. எண்ணி விளையாடும் கணிதம் பௌதிகவியலின் வாசலையும் தட்டிற்று.

புகழும் நோயும்

1918இல் இராமானுஜன் இலண்டன் றோயல் சங்கத்தின் உறுப்பினராகத் தெரிவானார். அதே ஆண்டு ஒக்டோபரில் கேம்பிரிட்ஜ் திரினிற்றிக் கல்லூரியின் ஆய்வுறுப்பினராகிய முதல் இந்தியர் என்னும் பெருமையும் பெற்றார். ஆனால் அதற்கு முன்பே உடல் தளர்ந்துவிட்டது. குளிர் நாட்டு வாழ்க்கை, போர்க்காலத்துத் தட்டுப்பாடு, மரக்கறி உணவன்றி வேறெதையும் உண்ணாத நோன்பு, தனிமை ஆகியன அவரை வாட்டின. 1917 முதல் மருத்துவ விடுதிகளிலேயே பெரும்பொழுது கழிந்தது. முதல் குளிர்காலத்தை இந்நாட்டில் தனியே கழித்த எவருக்கும் அந்நிலையை விரித்துரைக்கத் தேவையில்லை.

நோயுற்றிருந்த அவரைப் பார்க்க வந்த ஹார்டி, தாம் வந்த வாடகை வண்டியின் இலக்கமான 1729 சிறப்பற்ற எண் என்று சொன்னதும், அது இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வகையில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்று இராமானுஜன் உடனே மறுத்ததும் பலரும் அறிந்த செய்தி. ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும் கூடினால் 1729; ஒன்பதின் கனமும் பத்தின் கனமும் கூடினாலும் அதுவே. இங்கும் அவர் கேட்டது எத்தனை வகையில் என்னும் அதே வினாவே என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

1919இல் தாயகம் திரும்பிய இராமானுஜன் 1920ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆந் திகதி சென்னையில் காலமானார். இறுதி நாள்களிலும் படுக்கையிலிருந்து கணித்துக்கொண்டே இருந்தார். ஜானகி அம்மாள் பின்னர் தையற்கலை கற்றுத் தம் காலில் நின்று, 1994 வரை வாழ்ந்தார். அவ்விறுதி ஆண்டின் தாள்கள் திரினிற்றிக் கல்லூரி நூலகத்தில் பல்லாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1976இல் அமெரிக்க அறிஞர் ஜோர்ஜ் அன்ட்ரூஸின் கண்ணிற் பட்டன.

ரொறன்ரோவைத் தொட்ட தொடர்ச்சி

ஒயிலரின் முடிவிலிப் பெருக்கத்துக்கு நெருங்கிய உறவான இன்னொரு பெருக்கத்தை இராமானுஜன் 1916இல் ஆராய்ந்தார். அதை விரித்தால் வரும் எண்கள் ஓர் எல்லையை மீறமாட்டா என்று ஊகித்தார், நிறுவ இயலவில்லை. 1974இல் பெல்ஜிய நாட்டுப் பியர் டெலீன், கேத்திரகணிதமும் அட்சரகணிதமும் இணைந்த உயர்ந்த கருவிகளால் வேறொரு பெருந் தேற்றத்தை நிறுவியபோது இவ்வூகமும் உறுதியாயிற்று. அவருக்கு 1978இல் பீல்ட்ஸ் பதக்கம் வழங்கப்பட்டது. அப்பதக்கம் ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் சாள்ஸ் பீல்ட்ஸ் அவர்களின் முயற்சியால் உருவானது. 1924இல் இந்நகரில் நடந்த உலகக் கணித மாநாட்டில் எஞ்சிய பணமே அதற்கு விதையாயிற்று.

கதை அங்கே முடியவில்லை. 1988இல் லுபொட்ஸ்கி, பிலிப்ஸ், சார்னாக் என்னும் மூவர் அவ்வூகத்தைப் பயன்படுத்தி, குறைந்த இணைப்புகளைக் கொண்டே எல்லாப் புள்ளிகளையும் உறுதியாகத் தொடர்புபடுத்தும் வலையமைப்புகளை அமைத்து, அவற்றுக்கு இராமானுஜன் பெயரையே சூட்டினர். வலையமைப்புகளை ஆராய்வது சேர்மானவியலின் ஒரு பிரிவாகும். எண்ணும் வினாவிலிருந்து புறப்பட்ட பயணம் நுண்கணிதம், எண் கோட்பாடு, கேத்திரகணிதம் எனச் சுற்றிப் புறப்பட்ட கூடத்துக்கே திரும்பி வந்தது.

நம் பிள்ளைகள் பலர் நாடிச் செல்லும் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் சேர்மானவியலுக்கும் உத்தமமாக்கலுக்கும் எனத் தனித் துறையே 1967 முதல் இயங்கி வருகின்றது. ஸ்காபரோவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் செல்லக்கூடிய தூரந்தான் அது.

பெற்றோருக்கும் மாணவருக்கும்

இராமானுஜனைப் போல மற்றப் பாடங்களைக் கைவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. அவர் அதற்குக் கொடுத்த விலை பெரிது. ஆனால் ஒரு பிள்ளை ஒன்றிலேயே நெடுநேரம் ஆழ்ந்திருந்தால், புள்ளி குறைந்ததே என்று கடிந்துகொள்ளுமுன் அப்பிள்ளையின் குறிப்பேட்டை ஒருமுறை விரித்துப் பாருங்கள். அன்று அதைச் செய்தவர்கள் கணிதப் பேராசிரியர்கள் அல்லர். அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள். பகலிரவாக உழைக்கும் பெற்றோருக்கும் அது இயலும்.

மாணவச் செல்வங்களே, ஒரு சிறு வேலை தருகின்றோம். நாலின் ஐந்து பிரிப்புகளையும் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் மிகப் பெரிய பகுதியிலிருந்து பகுதிகளின் எண்ணிக்கையைக் கழியுங்கள். 3, 1, 0, -1, -3 என்று வரும். இவற்றோடு தேவையானபோது ஐந்தைக் கூட்டினால் 3, 1, 0, 4, 2. ஐந்து மிச்சங்களும் ஒவ்வொருமுறை வந்துவிட்டன. ஐந்தால் வகுபடுவதன் காரணம் கண்முன்னே நிற்கின்றது. 1944இல் பிரீமன் டைசன் இதனைக் கண்டு ஐந்துக்கும் ஏழுக்கும் பொருந்தும் என ஊகித்தார். பத்தாண்டு கழித்து, 1954இல், அது நிறுவப்பட்டது. ஐந்தின் ஏழு பிரிப்புகளையும் கொண்டு, ஐந்துக்குப் பதிலாக ஏழைக் கூட்டி நீங்களே செய்து பாருங்கள். பின்னர் ஆறின் பதினொரு பிரிப்புகளையும் எழுதுங்கள். அங்கு இம்முறை பொய்த்துவிடும். பதினொன்றுக்கும் பொருந்தும் வேறோர் அளவு இருக்கவேண்டும் என்று டைசன் சொன்னார். அதனை அன்ட்ரூஸும் கார்வனும் 1988இல் வெளியிட்டனர். நாற்பத்துநான்கு ஆண்டுகள் காத்திருந்த விடை அது.

இதற்குக் கணிப்பான் வேண்டியதில்லை. ஒரு தாளும் பென்சிலும், கூட இருந்து எண்ண ஒருவரும் போதும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தந்தையையோ தாயையோ அழைத்து உட்கார்த்தி, எண்ணத் தொடங்குங்கள்.